ஜாக்கெட்டுக்காக ஒரு போராட்டம்!

எண்ணூர் முகத்துவாரக்குப்பம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம். மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் கிளம்புகிறார்கள். உடம்பில் சேலை. அதற்குள் உள்பாவாடை. மேலே ஜாக்கெட்.

சேலை நம் பாட்டிக்குப் பாட்டி கட்டியது. ஜாக்கெட்?

ரவிக்கை நம் நாட்டில் முன்பே உண்டு. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அது கிடைக்கவில்லை. இன்றைய ஜாக்கெட்டும் உள்பாவாடையும் வீட்டுக்கு வீடு பரவத் தொடங்கியது விக்டோரியா மகாராணி காலத்தில்தான். அந்த ராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். சின்னப் பெண்களுக்குப் போடுகிறோமே சிம்மீஸ், அந்தப் பெயர்கூட அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உள்ளாடைப் பெயர்தான்!

அடுக்கு மேல் அடுக்கு

அந்தச் சீமாட்டிகள் உடுத்தியதைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். முதலில் முழங்கால் வரை தொங்கும் சிம்மீஸ். அதன்மேல் திமிங்கிலத்தின் வாயில் இருந்து எடுத்த தகடுகளை வைத்துத் தைத்த இறுக்குக் கச்சு. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் பாவாடைகள்.

ராயபுரத்தில் இருந்து ரெயில் ஓடத் தொடங்கிய அதே 1856-ம் ஆண்டில், பாவாடையை விரித்துப் பிடிக்க எஃகு வளையக் கூண்டும் வந்துவிட்டது. பாவாடை பல அடுக்குகளைச் சுமக்கும் பாரம் குறைந்தது. ஆனால் ஆபத்து கூடியது. பரந்த பாவாடை அடுப்பில் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்!

கச்சைத் துவைக்க முடியாது. அதனால்தான் உள்ளே சிம்மீஸ். வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். துவைத்துத் துவைத்துப் போடலாம்.

நீங்களும் தைக்கலாம்

இந்த உள்ளாடைகளைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையாலேயே தைத்தார்கள். சிங்கர் என்பவர் தையல் எந்திரத்துக்கு உரிமை பெற்றதே 1851-ல்தான்.

சிம்மீஸ் வெட்டுவது சுலபம். மல் துணியோ, லாங்கிளாத்தோ போதும். (லாங்கிளாத்து நம் சோழமண்டலக் கரையில் நெய்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போன சரக்கு. அங்கே போய் உள்ளாடை ஆயிற்று!) முதலில் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும்.

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கைக்கு இரண்டு. எல்லாம் நேரான துண்டுகள். அக்குளில் மட்டும் சிறு சதுரத் துண்டு வைத்துத் தைக்கவேண்டும். அதை விட்டுவிட்டால் கையைத் தூக்கியதும் கிழியும். இரண்டு ஓரங்களைச் சேர்த்து ஓட்டுத் தையல் போடுங்கள். பிறகு ஒரு ஓரத்தைப் பாதி நறுக்கி, மற்றதை அதன்மேல் மடித்து இன்னொரு தையல். பிசிர் வெளியே தெரியாது. எத்தனை முறை கல்லில் அடித்துத் துவைத்தாலும் தாங்கும்.

நாகர்கோவிலில் நடந்தது

சீமையில் அலங்காரமாக இருந்த தையல், நாகர்கோவில் பக்கம் மானப் பிரச்சினை ஆனது.

அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. 1820-ம் ஆண்டு வாக்கில் மிஷன் பாதிரியார்களின் மனைவியர் அங்கே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். மால்ட் அம்மையார் தையலும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களையே அடிமைத்தனத்தில் இருந்து மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1855-ல்!

அந்த அம்மையார்கள் குட்டைக் கை வைத்த, தளர்ந்த ஜாக்கெட் ஒன்றை அமைத்தார்கள். குப்பாயம் என்று பெயர். பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். எதிரிகள் நடுத்தெருவில் அதைக் கிழித்தார்கள். கிழிந்ததைக் கண்டு பெண்கள் பின்வாங்கவில்லை. வீட்டில் குப்பாயங்கள் மறுபடியும் தயாராயின.

1829-ல் ஓர் அரச உத்தரவு வந்தது. குப்பாயம் போடலாம், உயர்ந்த சாதியார் போடும் தோள்சீலை மட்டும் கூடாது என்றது. அதோடு சண்டை ஓயவில்லை. 1858-ம் ஆண்டு கடைசியில் கலவரம் பெரிதாக மூண்டது. ஜெபக்கூடங்கள் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் சமஸ்தானத்தை நெருக்கினார்.

1859-ம் ஆண்டு ஜூலை 26-ந்தேதி மகாராஜாவின் அறிக்கை வெளிவந்தது. எந்த மதமானாலும் நாடார் பெண்கள் ஜாக்கெட் அணியலாம். அல்லது, கடற்கரையில் மீனவப் பெண்கள் கட்டுவதுபோல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. உயர்ந்த சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை அந்த அறிக்கையிலும் இருந்தது.