காலில் ரத்தக்கட்டு: மாத்திரை முடிந்தாலும் கவனம் முடியவில்லை

"மாத்திரை முடிஞ்சிடுச்சு, வலியும் போயிடுச்சு. ஆனா சாயங்காலம் ஆனா கால் வீங்குதே?" காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து சிகிச்சை பெற்ற பலரும் கேட்கும் கேள்வி இது. 'வயசாச்சு, நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறோம், அதனாலதான்' என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஏன் வீங்குகிறது?

காலில் இருந்து ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். அது மறுபடி கீழே இறங்காமல் தடுக்க சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ரத்தக்கட்டு இந்த வால்வுகளைச் சேதப்படுத்திவிடும். கட்டு கரைந்தாலும் வால்வு பழையபடி மூடாமல் போகலாம். அப்போது ரத்தம் காலிலேயே தேங்கி, அழுத்தம் கூடுகிறது. ஆழ்சிரையில் ரத்தக்கட்டு வந்தவர்களில் 100-க்கு 20 முதல் 50 பேருக்கு இந்தப் பாதிப்பு வருகிறது. பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும்.

என்னென்ன அறிகுறிகள்?

* கால் கனப்பது, வலி, குடைச்சல், அரிப்பு
* நின்றால் கூடி, காலை உயர்த்திப் படுத்தால் குறையும் வீக்கம்
* கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்துத் தடிப்பது
* கணுக்காலின் உட்பக்கம் ஆறாத புண்

புண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தோல் நிறம் மாறும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி கட்டு வந்தால் பாதிப்பும் கூடும். தினமும் நடங்கள், கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். உடல் எடையைக் குறைப்பதும் உதவும். இறுக்கமான காலுறை வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே அதை வாங்குங்கள். புண்ணில் கைமருந்து போட வேண்டாம்.

கடையில் நாள் முழுக்க நிற்பவரா நீங்கள்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தருவது உரிமையாளரின் கடமை. வாய்ப்பு கிடைக்கும்போது உட்காருவது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

எங்கே போவது?

அரசு மருத்துவமனைக்குப் போகும்போது பழைய ஸ்கேன் அறிக்கை, மாத்திரைச் சீட்டு இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் காட்டி, உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று அங்கேயே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைக்கலாம்.

திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கி வலித்தால், அதைத் தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.