நண்பகல் பேய்

கி.பி. 382 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு திருத்தொண்டர் அவசர அவசரமாகக் கப்பலேறினார். பெயர் எவாக்ரியுஸ். பெரிய படிப்பாளி, வாதத்தில் சூரர். உயர்குடியில் மணமான ஒரு பெண்ணின் மேல் அவருக்கு மனம் போய்விட்டது. ஒருநாள் கனவில், சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறார். ஊரைவிட்டே போய்விடுவதாக நற்செய்தி நூலின் மேல் சத்தியம் செய்கிறார். விழித்தவர், கனவில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்று மூட்டையைக் கட்டினார். இதை எழுதிவைத்தவர் அவருடைய சீடர் பல்லாதியுஸ்.

எருசலேமுக்கு வந்தும் ஆள் மாறவில்லை. ஆடை அலங்காரமும் பேச்சு ஜம்பமும் கூடவே வந்துவிட்டன. பிறகு ஆறு மாதக் காய்ச்சல்; வைத்தியர்கள் கைவிரித்தார்கள். ஒலிவ மலையில் துறவற இல்லம் நடத்திய மெலானியா என்ற அம்மையார்தான் அவர் வாயிலிருந்து உண்மையை வரவழைத்தார். துறவு பூணுவதாக வாக்குக் கொடுத்த பிறகே எவாக்ரியுஸ் எழுந்து நடமாடினார். அங்கிருந்து எகிப்து. 399-இல் இறக்கும்வரை சுமார் 14 ஆண்டுகள் கெல்லியா பாலைவனத்தில், புத்தகங்களைப் படியெடுத்துப் பிழைத்தார்.

கெல்லியாவில் துறவியர் தனித்தனி அறைகளில் வாழ்ந்தார்கள்; சனி, ஞாயிறுகளில் மட்டும் ஒன்றுகூடுவார்கள். அங்கே பெண் இல்லை, பணம் இல்லை, விருந்து இல்லை. ஆனால் அவற்றைப் பற்றிய எண்ணங்கள் இருந்தன. ஊரில் வாழ்கிறவனைப் பேய் பொருள்களைக் காட்டி மயக்குகிறது, துறவியை எண்ணங்களைக் கொண்டே மயக்குகிறது என்பது எவாக்ரியுஸ் கண்டது. அந்த எண்ணங்களை எட்டாக வகுத்தார்: போசனப்பிரியம், மோகம், பண ஆசை, துயரம், கோபம், மனச்சலிப்பு, வீண்பெருமை, அகங்காரம்.

பெண்ணாசைக்குப் பயந்து ஓடிவந்தவர், எட்டில் மிகக் கனமானது மோகம் என்று எழுதவில்லை. மனச்சலிப்பு என்றார். அதை நண்பகல் பேய் என்றும் சொன்னார்.

காலை பத்து மணிக்குத் துறவியைப் பிடிக்கும், பிற்பகல் இரண்டு வரை விடாது. சூரியன் நகரவே மாட்டேன் என்னும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். கண் ஜன்னலை விட்டு அகலாது. சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே வந்து வெயிலைப் பார்ப்பார். யாராவது வருகிறார்களா என்றும் பார்ப்பார். பிறகு இருக்கும் இடம் கசக்கும், செய்யும் வேலை கசக்கும், சகோதரர்களிடம் அன்பே அற்றுப்போனது என்று படும். கடைசியில் வருவதுதான் மிகத் தந்திரமானது: கடவுளை எங்கிருந்தும் வணங்கலாமே, வேறிடம் போனால் என்ன? பாவத்துக்குக் கூப்பிடும் குரல் இவ்வளவு நியாயமாகப் பேசும் என்று கண்டுகொண்டது சாதாரண விஷயமல்ல.

எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதுதான் நம் கையில் இருக்கிறது என்பது அவர் நிலை. எகிப்துப் பாலைவனத்தில் பொயிமென் என்ற முதியவரிடம் ஒருவர், எண்ணங்கள் படுத்துகின்றன என்று முறையிட்டார். முதியவர் அவரை வெளியே கூட்டிப்போய், அங்கியை விரித்துக் காற்றைப் பிடிக்கச் சொன்னாராம். முடியவில்லை. எண்ணங்கள் வராமல் தடுப்பதும் அப்படித்தான். வந்ததை எதிர்த்து நிற்பதே உன் வேலை என்றார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் மனதில் தோன்றியதற்கெல்லாம் தன்னையே நொந்துகொள்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

எதிர்த்து நிற்பது எப்படி? அதற்கென்றே எவாக்ரியுஸ் ஒரு நூல் செய்தார். எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகள். இன்ன நினைப்பு வந்தால் இன்ன வேத வசனத்தைச் சொல் என்று ஐந்நூற்றுக்குச் சற்றே குறைவான பதில்கள். பாலைவனத்தில் இயேசு சாத்தானுக்கு மூன்று முறையும் உபாகம வசனங்களாலேயே பதில் சொன்னதுதான் அதற்கு முன்மாதிரி. வசனத்தைச் சொல்லி முடித்ததும் பேச்சு முடிந்தது. வாதம் வளர்ப்பதற்கு இடமில்லை. வாதத்தில் சூரராக இருந்த மனிதர் இப்படி எழுதியது கவனிக்கத்தக்கது.

இந்த எட்டையும் யோவான் கசியான் என்ற துறவி மேற்கே கொண்டுபோனார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் பெரிய கிரகோரி சலிப்பைத் துயரத்தோடு சேர்த்து, காய்மகாரத்தைப் புகுத்தி, அகங்காரத்தை எல்லாவற்றுக்கும் வேராக வைத்தார். மறைக்கல்வியில் தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒப்பிக்கும் ‘தலையான பாவங்கள் ஏழு’ இந்த வழியில் வந்தவை. கெல்லியாவின் சலிப்பு அதில் வெறும் ‘சோம்பல்’ ஆகிவிட்டது. இது நஷ்டம்தான். நண்பகல் பேய் பிடித்தவர் சும்மா படுத்துக்கிடப்பதில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்று சுறுசுறுப்பாகக்கூடக் கிளம்பிவிடுவார்.

2023 டிசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் தீய பழக்கங்களைப் பற்றிப் புதன்கிழமை மறைக்கல்வி உரைகளைத் தொடங்கியபோது, முதல் உரையின் பொருள் இதயத்தைக் காப்பது. பிசாசோடு பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றார். 2024 பிப்ரவரி 14, சாம்பல் புதனன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள், அந்த நண்பகல் சலிப்பு.