புறச்சாகசப் பயிற்சியும் மீண்டெழும் திறனும்



காப்பார் வட்டாரத்தில் நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். கால்வாயைத் தாண்டுவதும், மழையில் நனைந்தே பள்ளிக்கு நடப்பதும் அவர்களுக்கு அன்றாட வேலை. இன்றைய பிள்ளைகள் தாமான் வீட்டிலிருந்து காரில் ஏறி, பள்ளி வாசலில் இறங்குகிறார்கள். வசதி நல்லதுதான். ஆனால் ஒரு சோதனையில் புள்ளி குறைந்தாலே, “எனக்கு இது வராது சார்” என்று பேனாவைக் கீழே வைத்துவிடும் பிள்ளையை நாம் வகுப்பில் பார்க்கிறோமே! அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. விழுந்தபின் எழுந்து பழக வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மீண்டெழும் திறன் என்றால் என்ன?

துன்பமே வராமல் இருப்பது மீண்டெழும் திறன் ஆகாது. துன்பம் வந்தபின் நிலைக்குத் திரும்பி, அடுத்த அடியை எடுத்து வைப்பதே அது. இது பிறவிக்குணம் மட்டுமல்ல, பழகிப் பெறக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிடும் 10 வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சியையும் மன அழுத்தத்தையும் கையாளுதல் ஆகியவையும் அடங்கும். இவற்றைப் பாடநூலில் படிக்கலாம். ஆனால் பழகுவதற்கு ஒரு களம் வேண்டும்.

இந்தப் பயிற்சி எப்படித் தோன்றியது?

ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான், கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட்டின் ஆதரவோடு 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினார். அது உலகப்போர்க் காலம். கப்பல் மூழ்கும்போது, உடல் வலிமை மிக்க இளம் மாலுமிகளைவிட அனுபவம் மிக்க மூத்தவர்களே கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஹோல்ட் கருதினார். தசை பலம் மட்டும் போதாது, மனவுறுதி வேண்டும் என்பதே அதன் பாடம். நம் நாட்டில் 1950களிலேயே பேராக், லூமுட்டில் இதே பெயரில் பள்ளி அமைந்துவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. 23 மே 1997 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். 8,848 மீட்டர் உயரத்தை யாரும் ஒரே மூச்சில் ஏறிவிட முடியாது. ஏறி, இறங்கி, உடலைப் பழக்கி, மறுபடியும் ஏற வேண்டும். பின்வாங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

பயிற்சி எப்படி வேலை செய்கிறது?

1. அளவான சவால்: மிக எளிது என்றால் பிள்ளைக்குச் சலிப்பு, மிகக் கடினம் என்றால் பயம். முயன்றால் எட்டக்கூடிய சவாலே பலன் தரும்.

2. குழுப் பொறுப்பு: தெப்பம் கட்டும்போது ஒருவர் முடிச்சைச் சரியாகப் போடாவிட்டால் எல்லாரும் நனைவார்கள். தன் செயலின் விளைவு உடனே கண்முன் தெரிகிறது.

3. மீள்நோக்கு: இதைத்தான் பல முகாம்களில் விட்டுவிடுகிறோம். நடவடிக்கை முடிந்ததும் வட்டமாக உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? இதை வகுப்பில் எங்கே பயன்படுத்தலாம்? இந்தப் பேச்சு இல்லையென்றால், முகாம் வெறும் சுற்றுலாவாகவே முடிந்துவிடும்.

நம் வட்டாரத்தில் செய்யக்கூடியவை

பெரிய செலவு தேவையில்லை. பள்ளித் திடலிலேயே திசைகாட்டியும் வரைபடமும் கொடுத்துப் புதையல் தேடச் சொல்லலாம். கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, முதலுதவி ஆகியவற்றைச் சாரணர் இயக்கத்தின் வழி கற்பிக்கலாம். காப்பாரிலிருந்து ஜெராம் வழியாக வடக்கே போனால், கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் சதுப்புநிலக் காட்டில் வழிநடைப் பயணம் செய்யலாம்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். பெற்றோரின் எழுத்து அனுமதி, மாணவரின் உடல்நல விவரம், தகுதி பெற்ற பயிற்றுநர், முதலுதவிப் பெட்டி ஆகிய நான்கும் கட்டாயம். மேல்மலையில் மழை பெய்தால் ‘கெப்பாலா ஆயர்’ எனும் திடீர் வெள்ளம் வரும். அருவியில் நீர் கலங்கினாலோ மட்டம் ஏறினாலோ உடனே கரையேற வேண்டும். பயப்படும் பிள்ளையைக் கேலி செய்து தள்ளிவிடுவது பயிற்சி ஆகாது. அந்தப் பிள்ளை மறுபடி முயல நினைக்காது.

2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் பதறாமல் தம்பி தங்கையை மேட்டுக்கு அழைத்துப் போகத் தெரிந்த பிள்ளைதான் வீட்டுக்குத் துணை. இதுவும் கல்விதானே?

தேர்வு மாணவர்களுக்கு

‘புறப்பாட நடவடிக்கைகளின் நன்மைகள்’ போன்ற தலைப்பு வந்தால், “உடல் ஆரோக்கியம் பெறுகிறது” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கருத்தையும் ‘திறன், அதை வளர்க்கும் நடவடிக்கை, வாழ்க்கையில் பயன்’ என மூன்று படியாக விரித்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: முடிவெடுக்கும் திறன், வரைபடம் பார்த்து வழி கண்டறிதல், மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தெளிவு. எவரெஸ்ட் வீரர்களைச் சான்றாகக் காட்டினால் பத்தி வலுப்பெறும்.

ஆசிரியர்களே, இந்தத் தவணையில் ஒரே ஒரு சனிக்கிழமை போதும். திடலில் ஒரு கயிறும் வரைபடமும் வைத்துத் தொடங்குங்கள்.