தூதுவரிடம் எதைக் கேட்கலாம்? கல்முனைக் கரையின் அனுபவம்

வெளிநாட்டுத் தூதுவர் ஒருவர் கிழக்குக்கு வந்தால், மகஜரோடு சென்று சந்திப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்த மகஜரால் ஆவது என்ன, ஆகாதது என்ன?

1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படி, தன் நாட்டின் நலனைக் காப்பதும் உள்ளூர் நிலைமையைத் தன் அரசுக்கு அறிக்கையிடுவதும் தூதுவரின் பணிகளில் அடங்கும். உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது என்கிறது அதன் 41ஆம் உறுப்புரை. எனவே ஜனநாயகத்துக்காகக் குரல் கொடுக்கும்போதும் அவர் முதலில் தன் நாட்டின் பிரதிநிதியே.

2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையோடு யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தது. அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்டனர். முஸ்லிம்கள் ஒரு தரப்பாகவே கொள்ளப்படவில்லை. பேச்சுவார்த்தைக்கு ரவூப் ஹக்கீம் சென்றது அரசதரப்புக் குழுவில்தான். சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். ஆனால் 2005 ஜூனில் கைச்சாத்தான சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பிலும் ஒப்பமிட்டவர்கள் அதே இரு தரப்பினர்தான். சமாதானம் பேச வந்தவர்கள் ஆயுதமும் அதிகாரமும் உள்ளவர்களையே மேசைக்கு அழைத்தார்கள்.

கட்டாய ஜனாஸா எரிப்பு இன்னொரு பாடம். 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் அது சட்டமானது. அதற்கெதிரான மனுக்களை டிசம்பர் முதலாம் திகதி உயர்நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. உள்நாட்டுக் கதவுகள் மூடிய நிலையில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் ஐ.நா. நிபுணர்களும் குரல் எழுப்பினர். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய பொலிகண்டி நோக்கிய பேரணி, ஜனாஸா எரிப்பை நிறுத்தும் கோரிக்கையையும் சுமந்தது. தமிழரோடு முஸ்லிம்களும் அதில் நடந்தார்கள். அதே மாதம் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். ஜெனீவாவில் வாக்கெடுப்பும் நெருங்கியது. 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது.

மார்ச் 23ஆம் திகதி ஜெனீவாவில் நிறைவேறிய தீர்மானம் ஜனாஸா விவகாரத்தையும் குறிப்பிட்டது. அதை எதிர்த்து வாக்களித்த 11 நாடுகளில் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இருந்தன. இதைத் துரோகம் என்று சொல்வதைவிட இராஜதந்திரத்தின் இயல்பு என்று விளங்கிக்கொள்வதே நல்லது. அவர்களுடைய நலனும் நம்முடைய நியாயமும் சந்திக்கும் இடம்வரைதான் அவர்கள் கூட வருவார்கள்.

ஆகவே தூதுவரைச் சந்திக்க வேண்டாம் என்பதல்ல. திகதி, இடம், எண்ணிக்கை, ஆவணம் ஆகியவற்றோடு சந்திக்க வேண்டும். அவர் எழுதும் அறிக்கையில் நிலைக்கப்போவது அவைதான். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து கொடுக்கும் மகஜரை ஒதுக்கிவைப்பதும் கடினம்.

தூதுவரால் ஆகாத வேலையும் உண்டு. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடக்கவில்லை. சாய்ந்தமருதும் கல்முனையும், தமிழரும் முஸ்லிம்களும் எல்லைகளைப் பேசித் தீர்க்காதவரை, நம் வாக்குப் பெட்டியை எந்தத் தூதரகமும் கொண்டுவந்து தராது.