ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி

பிள்ளைக்கு வயிற்றுவலி என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறோம். "வயிற்றில் நிணநீர் முடிச்சுகள் காணப்படுகின்றன" என்று அறிக்கை வருகிறது. காசநோயோ, புற்றுநோயோ என்று பெற்றோரின் உள்ளம் கலங்குகிறது.

அன்பான பெற்றோரே, நிணநீர் முடிச்சு வியாதியன்று, சரீரத்தின் காவற்காரன். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அதே முடிச்சுகள் குடலைச் சுற்றிலும் ஏராளமாய் உண்டு. உணவோடும் நீரோடும் நுழையும் கிருமிகளை அவை எதிர்த்து நிற்கின்றன. ஆகையால் சுகமாயிருக்கும் பிள்ளைகளிடத்திலும், விசேஷமாக வலது அடிவயிற்றில், அவை ஸ்கேனில் தென்படுவது இயல்பே.

குறுக்களவு 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே வீக்கம் என்று முன்பு கருதினர். சிறுநீரகக் கல்லுக்காக சி.டி. ஸ்கேன் செய்யப்பட்ட 61 பிள்ளைகளைப் பற்றி 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பாதிப்பேருக்குமேல் அந்த அளவைத் தாண்டிய முடிச்சுகள் இருந்தன! 8 மில்லிமீட்டரே பொருத்தமான எல்லை என்று அவ்வாய்வு கூறியது.

அளவு மட்டுமன்று, தோற்றமும் முக்கியம். நீள்வட்டமாய், தனித்தனியாய் இருப்பது நல்ல அடையாளம். ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருந்தாலோ, நடுப்பகுதி அழிந்திருந்தாலோ, வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ மேற்பரிசோதனை அவசியம். விடாத காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றையும் அசட்டை செய்யலாகாது.

இவையொன்றும் இல்லையெனில், அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கலாகாது. அறிக்கையோடு பிள்ளையையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் காகிதத்தை மட்டுமல்ல, பிள்ளையையும் பார்க்கட்டும்.