ஹீட்டருக்கு முன்னாடி ஓட்டையைப் பாருங்க: டியர்டிராப் டிரெய்லரில் ஒரு குளிர் இரவு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரகடத்திலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பின்னாடி கிரைண்டர் சத்தம். "அண்ணா, டியர்டிராப் டிரெய்லர் முக்கால்வாசி முடிச்சாச்சு. டிசம்பர்ல ஊட்டி போறோம். ஆன்லைன்ல ரெண்டு கிலோவாட் டீசல் ஹீட்டர் பார்த்து வச்சிருக்கேன். எங்க மாட்டறது?"

கேட்டப்போ சிரிப்புதான் வந்தது. ஏப்ரல்ல தகரத்துல கை வச்சா தோல் உரியற ஊர்ல நின்னுக்கிட்டு ஹீட்டரைப் பத்திக் கேக்கறாரேன்னு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா சிரிக்கிற விஷயம் இல்லை. தவறான ஹீட்டரால் தூக்கத்திலேயே இறந்துபோனவர்கள் நிறைய. அதனால் இன்னைக்கு முழு எபிசோடும் அவர் கேள்விக்குத்தான்.

முதல்ல தெரியாதவங்களுக்காக. டியர்டிராப் டிரெய்லர்னா காருக்குப் பின்னாடி இழுத்துப்போகிற கண்ணீர்த்துளி வடிவச் சின்னப் பெட்டி. உள்ளே ஒரு படுக்கை மட்டும். பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்படி. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக் கொட்டகைகளில் ஆரம்பித்த விஷயம் இது. பெரும்பாலும் எட்டடி நீளம், நாலடி அகலம் இருக்கும். ஏன் அந்த அளவு? பிளைவுட் ஷீட் வருவதே எட்டுக்கு நாலுதான், அதனால்.

நம்ம ஊர்ல இதைச் செய்ய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் கார் செய்ய ஆரம்பித்தது. அதுக்கப்புறம் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று வரிசையாக வந்தன. அவற்றைச் சுற்றி வளர்ந்த வெல்டிங் பட்டறைகள், ஷீட் மெட்டல் வளைக்கிற யூனிட்கள், பவுடர் கோட்டிங் கடைகள் ஏராளம். ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்ற ஒரு ஃபிட்டரால் ஒரு சேஸிஸை ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட முடியும். சிக்கல் சேஸிஸில் இல்லை, ஃபினிஷிங்கில்தான். லோகத்தில் பழகின கை, குளிர் எப்படிப் போகும் வரும்னு யோசிச்சுப் பழகியிருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். ஊட்டியில் ஜனவரி இரவுகளில் 5 டிகிரி சாதாரணம். தலைக்குந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் புல்மேல் உறைபனியே விழும். உள்ளே 18 டிகிரி வேணும்னு வச்சுக்குவோம். 13 டிகிரி வித்தியாசம்.

வெளியே அலுமினிய ஷீட், உள்ளே ஆறு மில்லி பிளைவுட், நடுவில் ஒண்ணும் இல்லாத பெட்டி என்றால், அந்த வித்தியாசத்தைத் தாங்க ஏறக்குறைய 800 வாட் வெப்பம் விடாமல் வேணும். அதே பெட்டிக்கு நடுவில் ஒரு இன்ச் பஃப் வைத்தால் கணக்கு சுமார் 200 வாட்டுக்கு இறங்கிவிடும். பஃப்ங்கிறது குளிர்பதனக் கிடங்குச் சுவர்ல இருக்குமே, அந்த மஞ்சள் நுரை. காத்து மாறுவதற்கு வென்ட் திறந்து வைத்தால் இன்னொரு 90 வாட் சேரும். மொத்தம் 290.

இப்ப முக்கியமான விஷயம். தூங்கற மனுஷ உடம்பு ஒவ்வொண்ணும் சுமார் 70 வாட் வெப்பம் விடும். ரெண்டு பேர்னா 140. மிச்சம் தேவைப்படறது 150 வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒண்ணரை!

தம்பி பார்த்து வச்சிருக்கிறது 2000 வாட் ஹீட்டர். அதைக் குறைந்தபட்ச அளவில் ஓட்டினால்கூட 800, 900 வாட் வரும். அரை மணி நேரத்தில் உள்ளே வேர்க்கும், அணைப்பீங்க. மறுபடி குளிரும், போடுவீங்க. டீசல் ஹீட்டருக்கு இந்த மாதிரி மந்தமாக ஓடுவதும் அடிக்கடி அணைந்து எரிவதும் ஆகவே ஆகாது. எரிபொருள் முழுசாக எரியாமல் அறைக்குள் கரி படியும். போதாக்குறைக்கு ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. பம்ப் அதே அளவு டீசலைத்தான் ஊத்தும், எரிக்கக் காத்து குறைவாக இருக்கும். இன்னும் கரி. அதனால்தான் 1500 மீட்டருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்ட, உயரத்துக்கென்று தனி அமைப்போடு வரும் மாடல்களைக் கேட்டு வாங்கச் சொல்வார்கள்.

கரி என்றால் வெறும் அழுக்கு இல்லை. எரிப்பு முழுமையாக இல்லை என்பதற்கான அடையாளம் அது. முழுமையாக எரியாத எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடைத் தரும். இதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும்.

டியர்டிராப்புக்குள் இருக்கும் காற்று மொத்தமே சுமார் 2500 லிட்டர்தான். அதில் ஒரே ஒரு லிட்டர் கார்பன் மோனாக்சைடு கலந்தால் 400 பிபிஎம். சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தான அளவு. ஒரு லிட்டர்ங்க. ஒரு தண்ணி பாட்டில்.

இது எங்கேயோ நடக்கிற கதையும் இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலையில் ஒரு ரிசார்ட் அறையில் தங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். நாலு பேர் குழந்தைகள். குளிருக்கு கேஸ் ஹீட்டரைப் போட்டுக் கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. அதே வருஷம் டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் ரெண்டு பேர். அங்கே ஹீட்டரே இல்லை, ஏசிக்காக ஓடின ஜெனரேட்டரின் புகை தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருந்தது.

இந்த மூணாவது சம்பவம்தான் நம்ம தம்பிக்கு ரொம்ப முக்கியம். டாமனில் தேவையான ஓட்டை இல்லை, வடகரையில் தேவையில்லாத ஓட்டை இருந்தது. டிரெய்லர் ஃபினிஷிங்கே இதுதான்: எதை அடைக்கணும், எதைத் திறந்து விடணும்.

அடைக்க வேண்டியதில் முதல்ல தளம். ஒயர் போக, போல்ட் போக டிரில் போட்ட ஒவ்வொரு துளையையும் ரப்பர் குரோமெட், சீலண்ட் ரெண்டும் போட்டு மூடுங்க. அடுத்து அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கிற சுவர். அழகுக்காக அதில் அலமாரி வெட்டி ரெண்டு பக்கமும் திறக்கிற மாதிரி வைப்பாங்க. வேண்டாம். பின்னாடி காபி போடுற அடுப்பின் புகை நேரா தலைமாட்டுக்கு வரும்.

கூரை மூட்டும் கதவு பீடிங்கும் மழையில்தான் தெரியும். கார் தொழிற்சாலைகளில் லைன் முடிவில் வண்டியை ஷவருக்குள் விட்டு நீர்க்கசிவு பார்ப்பார்களே, அதையே ஹோஸ் பைப் வைத்துச் செய்யுங்க. ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம். உள்ளே ஒருத்தர் டார்ச்சோடு உட்காரணும். வடகிழக்குப் பருவமழை வரும்வரை காத்திருக்காதீங்க. பிளைவுட் விளிம்புகளுக்கு எபாக்ஸி பூசாமல் விட்டிருந்தால் ஒரே மழையில் உப்பிவிடும்.

திறந்து விட வேண்டியது ரெண்டு. கூரைக்கிட்ட ஒண்ணு, எதிர்ப்பக்கம் கீழே ஒண்ணு, இரவு முழுக்க. ஹீட்டரே இல்லாட்டியும் இது வேணும். ரெண்டு பேர் மூச்சு விட்டே முழுசாக அடைத்த பெட்டிக்குள் ஒரு மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதத்தைத் தாண்டும். மூச்சிலும் வியர்வையிலும் ஒரே இரவில் அரை லிட்டர் தண்ணியாவது காத்தில் கலக்கும். காலையில் கூரையிலிருந்து சொட்டுறது பனி இல்லை, நீங்க விட்ட மூச்சு. எல்பிஜி சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கும் அடியில் ஒரு துளை கட்டாயம். அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

கேஸ் ஹீட்டர் வைக்கலாமான்னு அடுத்த மெசேஜ் வரும், தெரியும். புகைக்குழாய் இல்லாத எந்த கேஸ் ஹீட்டரும் கூடாது. ஆபத்தை விடுங்க, ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீராக ஆவி வரும். காயப்போட வாங்கின ஹீட்டர் மெத்தையை நனைக்கும்.

இன்னொரு தவறு பட்டறைக்காரங்களுக்கே உரியது. ஒரு இன்ச் ஸ்கொயர் டியூபில் ஃபிரேம் போட்டு நடுவில் பஃப் நிரப்புறாங்க. நல்லதுதான். ஆனா டியூப் ஒரு பக்கம் வெளி ஷீட்டையும் மறுபக்கம் உள் பிளைவுட்டையும் தொட்டுக்கிட்டு இருக்கும். இரும்பு நுரையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். டியூப் போகிற கோட்டிலேயே உள்ளே ஈரம் படிந்து பூஞ்சை வரும். உள் பிளைவுட் அடிக்கிறதுக்கு முன்னாடி டியூப்மேல் அஞ்சு மில்லி ஃபோம் பட்டை ஒட்டினால் போதும். செலவு ரொம்பக் குறைவு.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருக்கும் குளிருக்கு என் ஓட்டு 12 வோல்ட் மெத்தை விரிப்புக்கு. 60 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 480 வாட் ஹவர். 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் 1280 வரை இருக்கும். அதோட ஒரு வெந்நீர்ப் பை, நல்ல கம்பளி. எதுவும் எரியவில்லை.

இல்லண்ணா, ஹீட்டர்தான் வேணும், ஸ்பிதி வரைக்கும் போவேன்னு சொல்றீங்களா? சரி, அங்கே நியாயம் இருக்கு. அப்படின்னா டீசல் ஹீட்டர்தான். எபர்ஸ்பேச்சர், வெபாஸ்டோ மாதிரி ஜெர்மன் கம்பெனிகள் லாரி கேபின்களுக்காகச் செய்து பிரபலமான வகை. அதில் ரெண்டு காற்றுப் பாதைகள், ஒண்ணோடு ஒண்ணு சேராது. எரியும் காற்று வெளியிலிருந்து வந்து வெளியிலேயே போகும், உள்காற்று சூடான உலோகத்தைத் தொட்டுவிட்டு மட்டும் திரும்பும். அந்தப் பிரிவைக் காப்பாற்றுவதுதான் மாட்டுறவர் வேலை. சைலன்சர், மூட்டு, கிளாம்ப் எல்லாம் தளத்துக்கு வெளியே. புகைக்குழாய் முனை தளத்துக்கு அடியில் முடியக்கூடாது, பக்கவாட்டுக்கு வெளியே வரணும், உங்க கீழ் வென்ட்டுக்கு எதிர்ப்பக்கமாக. குழாய் பயங்கரமாகச் சுடும், பிளைவுட்டையும் டீசல் ஹோஸையும் அது தொடக்கூடாது. ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை அணைத்து நிறுத்தாதீங்க. ஃபேன் சில நிமிஷம் ஓடி உள்ளே ஆறணும்.

எதை மாட்டினாலும், மாட்டாட்டியும், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு தலைமாட்டுச் சுவரில். பாக்கெட்டில் ஈஎன் 50291 என்ற எண் இருக்கணும். ஸ்மோக் டிடெக்டரும் கேஸ் லீக் டிடெக்டரும் இந்த வேலையைச் செய்யாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் காட் ரோட் மயக்கம்னு நினைச்சுப் படுத்துடாதீங்க. கதவைத் திறந்து எல்லாரும் வெளியே, அப்புறம் 108.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் பார்வையில் டிரெய்லரும் வண்டிதான். பதிவு இல்லாமல் பொதுச்சாலையில் இழுக்க முடியாது. வாகன மாடல்களைச் சோதித்துச் சான்று தரும் மையம் ஒண்ணு ஒரகடத்திலேயே இருக்கு. ஆனா ஒத்தை டிரெய்லருக்கு என்ன வழின்னு ஆர்டிஓவில் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க தம்பி, அப்புறம் இல்லை.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. டிரெய்லருக்குள் ஒரு டியூப்லைட்டைப் போட்டு, வென்ட்டை மூடி, கதவைச் சாத்திட்டு, பட்டறை விளக்கை அணைங்க. சுத்தி நடங்க. குனிஞ்சு அடியிலும் பாருங்க. வெளிச்சம் எங்கெல்லாம் கசியுதோ அங்கெல்லாம் சாக்பீஸ் கோடு. எத்தனை கோடுன்னு அடுத்த வாய்ஸ் நோட்ல சொல்லுங்க, ஹீட்டரைப் பத்தி அப்புறம் பேசுவோம்.