'அவவைப் பார்த்தால் சிங்களத்தி எண்டு சொல்லேலாது'

அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் சோதனைச்சாவடியில் படித்தது. பஹின்ன என்றால் இறங்கு. யன்ன என்றால் போ. இன்ன என்றால் நில். கொஹெத யன்னே என்றால் எங்கே போகிறாய். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்ததிலிருந்து கொடிகாமம் சந்தியிலும் சந்தைக்குப் போகிற வழியிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய சொற்கள். சொல்லுக்குச் சொல் ஒரு துவக்கும் கூடவே நின்றது.

2018இல் அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்வதற்காகக் கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் பதினெட்டு நாட்கள் நின்றோம். பார்வையாளர் நேரம் முடிந்ததும் நான் வெளியே போய்விட வேண்டும். இரவில் அம்மா தனியே. அடுத்த கட்டிலில் திஸ்ஸமஹாராமைப் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தா. அம்மாவை விட மூன்று நான்கு வயது குறைவு. வந்த அன்றே அம்மாவை 'அக்கே' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டா. அக்கா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்பதால் அம்மாவுக்கு அது விளங்கியது. அவ தன்னை 'நங்கி', தங்கச்சி, என்று சொன்னதால் நாங்களும் அப்படியே அழைத்தோம்.

நங்கியின் வாயில் அம்மா புதிதாக இரண்டு சிங்களச் சொல் கேட்டா. கன்ன, பொன்ன. சாப்பிடுங்கோ, குடியுங்கோ. அதே 'ன்ன' என்ற முடிவு. முதல் தரம் நங்கி சோற்றுத் தட்டைக் காட்டி 'கன்ன அக்கே' என்றபோது அம்மா திடுக்கிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து இருந்ததை நான் பார்த்தேன். அடையாள அட்டையை எடுக்கப்போவது போலக் கை தலையணைக்குக் கீழே போனது.

மூன்றாம் நாள் நங்கி தொலைபேசியில் மகனின் படத்தைக் காட்டினா. சீருடையில் ஒரு பொடியன். வடக்கில் ஏதோ முகாமில் வேலையாம். சனிக்கிழமை அவனே வந்தான், சாதாரண உடுப்பில், ஒட்ட வெட்டிய தலைமயிரோடு. தாய்க்கு ஒன்றும் அம்மாவுக்கு ஒன்றுமாக இரண்டு செவ்விளநீர் கொண்டுவந்தான். அவன் போனபின் அம்மாவின் பங்கை நான் கழிவறையில் ஊற்றிவிட்டேன். தென்னைகளுக்கு நடுவில் வளர்ந்தவள், இளநீரை ஊற்றினேன். என்னத்தைக் கலந்திருப்பானோ என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நங்கி எங்கள் ஊரை, குடும்பத்தை, எத்தனை சகோதரம் என்பதை விசாரித்தபோதும் 'இவ ஏன் இவ்வளவு கேக்கிறா' என்று யோசித்தேன். ஊடகக் கற்கை படித்தவள் நான். இனவாதச் செய்தியிடல் பற்றி ஒப்படை எழுதிப் புள்ளி வாங்கியவள். மாமாவைப் பற்றிக் கதைக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. 1996இல் சைக்கிளில் வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்த இரண்டாம் இரவு அம்மா சத்தி எடுத்திருக்கிறா. தாதி வேறொரு நோயாளியோடு நின்றதால் நங்கி எழும்பிவந்து, தன் வயிற்றிலும் தையல் இருக்க, அம்மாவின் முகத்தைத் துடைத்து, உடுப்பை மாற்றி, துணியையும் அலசிப் போட்டிருக்கிறா. காலையில் நான் போனபோது அம்மா சொன்ன வசனத்தைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

'நல்ல மனுசி பிள்ளை. அவவைப் பார்த்தால் சிங்களத்தி எண்டு சொல்லேலாது.'

எங்கள் ஊர்களில் இந்த வசனத்தைக் கேளாதவர்கள் இருக்க முடியாது. 1983 யூலையில் அயல்வீட்டுச் சிங்களவர் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதைச் சொல்கிற பெரியவர்கள் பலரும் இதே வசனத்தில்தான் கதையை முடிப்பார்கள். 'அந்தாள் எங்கட ஆள் மாதிரி.' நன்றியோடு சொல்லப்படும் வசனம். ஆனால் அதற்குள் ஒரு பூட்டு இருக்கிறது. நல்லவராக இருப்பவர் சிங்களவராக இருக்கமுடியாது என்கிற கணக்கு அப்படியே இருக்கிறது. அந்த ஒருவரை மட்டும் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் வெளிவந்த தனது நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முற்சாய்வு என்பது மனதில் போட்ட வேலி. வேலிக்குப் பொருந்தாத ஒருவரைக் கண்டால் அவரை மட்டும் விலக்கு என்று ஒத்துக்கொண்டு, உடனேயே வேலியைத் திரும்ப அடைத்துவிடுகிறோம் என்றார். வருடாவருடம் கிடுகு வாங்கி வேலியடைத்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அயல்வீட்டுக்குப் போய்வர ஒரு பொட்டு விடுவோம். பொட்டு இருப்பதால் வேலி இல்லையென்று ஆகிவிடாது.

அதே நூலில்தான் ஆல்போர்ட், இரண்டு கூட்டத்து மனிதர்கள் பழகினால் முற்சாய்வு குறையும், ஆனால் சில நிபந்தனைகளோடு என்றும் சொன்னார். இருவரும் சமநிலையில் இருக்கவேண்டும். ஒரே நோக்கம் இருக்கவேண்டும். ஒத்துழைக்கவேண்டும். சட்டமோ நிறுவனமோ அதை ஆதரிக்கவேண்டும். 2006இல் பெற்றிகுரூ, றோப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பழக்கம் பெரும்பாலும் முற்சாய்வைக் குறைக்கிறது என்பதுதான் அவர்களின் முடிவு. நிபந்தனைகள் முழுதாக இல்லாதபோதும் குறைகிறது, இருந்தால் இன்னும் கூடக் குறைகிறது.

இதை வாசித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொடிகாமத்துச் சனம் பல வருடம் நாளாந்தம் சிங்களவர்களைக் கண்டது. பழகப் பழக அன்பு வரவேண்டுமென்றால் எங்களுக்குத்தானே முதலில் வந்திருக்கவேண்டும்? ஆனால் நாங்கள் கண்டது சிங்களவரையா? ஒரு பக்கம் துவக்கு, மறுபக்கம் அடையாள அட்டை. ஆல்போர்ட்டின் நிபந்தனை ஒன்றுகூட அங்கே இல்லை. வைத்தியசாலை விடுதியில் எல்லாமே தலைகீழ். இருவருக்கும் ஒரே பச்சைத் துணி, ஒரே சோறு, ஒரே நோய், வீட்டுக்குப் போகவேண்டும் என்கிற ஒரே எண்ணம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது. எங்கள் பயம் முழுவதையும் 'முற்சாய்வு' என்று சொல்லி எங்களுக்குச் சிகிச்சை பார்க்க வருகிறவர்கள் மீது எனக்குப் பொறுமை குறைவு. நல்லிணக்கப் பட்டறைகளில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். ஏ9 வீதியில் கொடிகாமத்துக்குச் சில கிலோமீற்றர் தள்ளி மிருசுவில். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியே இடம்பெயர்ந்து கிடந்தபோது, அந்த டிசெம்பரில் தங்கள் வீடுவளவைப் பார்க்கப்போன எட்டுப் பேர், ஐந்து வயதுச் சிறுவன் உட்பட, இராணுவத்தினரால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். தப்பிவந்த ஒருவரால்தான் அது வெளியே தெரிந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. சீருடையைக் கண்டால் ஒதுங்கு என்று எனக்குச் சொல்லித்தந்தது முற்சாய்வு இல்லை. அது அனுபவம். அந்த அனுபவத்தைச் சீருடையிலிருந்து கழற்றித் திஸ்ஸமஹாராமையில் தயிர் விற்கிற ஒரு பெண்ணின் மேல் போட்டது மட்டும்தான் எங்கள் பிழை.

எங்கள் பக்கத்திலும் இப்படிப் போட்டுவிட்டதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபர் 15இல் சாவகச்சேரி முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களும் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சிலர் மீது இருந்த சந்தேகம் ஒரு சமூகத்தின் மேல் முழுதாகப் போடப்பட்டது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்துச் சனம் மூட்டை முடிச்சோடு கைதடி தாண்டித் தென்மராட்சிக்குள் வந்தது. அந்த மழை இரவை இன்றும் சொல்லி அழுகிறோம். முந்திய ஒக்டோபரைப் பற்றி எங்கள் வீட்டில் நான் கேட்டது குறைவு.

நங்கியிடம் திரும்புகிறேன். அம்மாவின் வசனத்தைக் கேட்டு அன்று நான் மனதுக்குள் சிரித்தேன். பிறகுதான் பார்த்தேன், எனக்கும் அதே வசனம் படித்த பாஷையில் இருந்தது. 'முற்போக்குச் சிங்களவர்' என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். தமிழ் கதைக்கிற, எங்கள் போராட்டங்களுக்கு வந்து நிற்கிற நண்பர்கள் அதற்குள். மற்றவர்கள் வெளியே. நங்கி எந்தப் பெட்டிக்கும் அடங்கவில்லை. பிரித் நூல் கட்டியிருக்கிறா. மகன் ஆமி. எங்களுக்குப் பிடிக்காத ஆட்களுக்குத்தான் வாக்குப் போட்டிருப்பா என்று நினைக்கிறேன். சராசரிச் சிங்களத் தாய்.

அதுதான் முக்கியம் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தன் கூட்டத்தைப் போல இல்லாத ஒருவர் அன்பு காட்டினால் விலக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே அப்பட்டமாகத் தெரிகிறவர் அன்பு காட்டினால் வேலியைத் திரும்ப அடைப்பது கடினம். அவ சிங்களத்தி என்பதை மறந்தால் அந்த அன்பு அவவோடு நின்றுவிடும். மறக்காமல் இருந்தால்தான் அது வெளியே பரவும்.

அம்மாவில் அது பரவிய வேகம் மெதுவு. வீடு வந்து ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின், கொடிகாமம் சந்தையில் தேங்காய்க்காரர் ஒருவர் தெற்கிலிருந்து லொறியில் வந்த வியாபாரியைக் காட்டி 'சிங்களவன் எல்லாரும் உப்பிடித்தான்' என்றபோது, 'இவன் கள்ளன் எண்டு சொல்லு. எல்லாரும் எண்டு சொல்லாதை' என்றா. அவ்வளவுதான். பிறகு தேங்காய்க்கு விலை பேசினா.

ஆனால் இன்னொரு பயம் எனக்கு இருந்தது. 2009இல் தமர் சாகி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு சங்கடமான விடயத்தைக் காட்டினார்கள். சிநேகமான பழக்கம், பலம் குறைந்த சமூகத்துக்கு 'அவர்கள் எங்களை நியாயமாக நடத்துவார்கள்' என்ற நம்பிக்கையைக் கொடுக்கிறது, அநீதியைக் காணும் கண்ணையும் மங்கச் செய்கிறது, பலமுள்ள சமூகமோ அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நடப்பதில்லை. ஒரு கோப்பைத் தேநீரில் மாமாவின் வழக்கு கரைந்துபோகுமா?

கரையவில்லை. 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியில் இருக்கிறார்கள். முடிந்த நாட்களில் அம்மாவும் படத்தோடு போய் இருப்பா, சத்திரசிகிச்சைக்குப் பின்னும். 'நங்கியோடை எனக்கென்ன கோவம்? தம்பியை எங்கை எண்டு அரசாங்கத்தைத்தானே கேக்கிறன்.' கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் நினைவு எனக்கு வரும். இராணுவ அதிகாரியான அவரது மகன் 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல்போனார். மகனைத் தேடப் புறப்பட்டவர், போரினால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை உருவாக்கி, தமிழ்த் தாய்மாரோடு ஒன்றாக இருந்து பேசினார். ஒரே கேள்வி இரண்டு பக்கமும் இருந்ததால்தான் அது முடிந்தது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. மார்ச் 26இல், மிருசுவில் கொலைகளுக்காக 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பொதுமன்னிப்புக் கொடுத்தார். அந்தக் கிழமையில்தான் நங்கி தொலைபேசி எடுத்தா. வீட்டில் அரிசி இருக்கிறதா, அம்மாவுக்கு மருந்து கிடைக்கிறதா என்று கேட்டா. மன்னிப்பைப் பற்றி அவ என்ன நினைக்கிறா என்று நான் கேட்கவில்லை. பதில் எப்படி இருக்குமோ என்ற பயம். அம்மாவும் கேட்கச் சொல்லவில்லை.

இருவரும் இன்றுவரை மாதம் ஒருமுறையாவது கதைக்கிறார்கள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 'கேவத அக்கே?' சாப்பிட்டீங்களா. 'கேவா.' சாப்பிட்டேன். 'கேவத நங்கி?' வருடத்துக்கு ஒருமுறை அம்மா பனாட்டும் கறுத்தக்கொழும்பானும் பொதி பண்ணி அனுப்புவா.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகள் வரத் தொடங்கின. இருநூறுக்கு மேல். ஓகஸ்ட் 5ஆம் திகதி, அங்கே எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறம் அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அங்கே கிடந்த துணி எதிலும் நிறம் இல்லை. எல்லாமே மண் நிறம்.

இரவு நங்கி எடுத்தா. 'கேவத அக்கே?'

'நே' என்றா அம்மா. இல்லை.

ஏன் என்று நங்கி கேட்டிருக்கவேண்டும். அதைச் சொல்லும் அளவுக்கு அம்மாவிடம் சிங்களம் இல்லை. தொலைபேசியை என்னிடம் நீட்டினா. ஏழு வருடத்துக்கு முன் சொல்லவேண்டாம் என்று நான் தடுத்த கதையை, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானே சொன்னேன். நங்கி கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு மாமாவின் பெயர் என்ன என்று கேட்டா.